நாலு வீல் ஜெயவேலு

முடிச்சூரில் போய் ஜெயவேலு வீடு எது என்று கேட்டால் மூன்று நான்கு வீட்டைக் காட்டுவார்கள். நாலு வீல் ஜெயவேலு என்று கேட்டால்தான் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். அந்தப் பட்டப்பெயரை ஊர் வைக்கவில்லை. அவனே வைத்துக்கொண்டான், அதுவும் தன் ஜீப்பின் முதுகில் மஞ்சள் பெயின்டில் எழுதி. கேலியெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்ததுதான்.

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்துக்கு மேற்கே நிலம் வைத்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விற்றார்கள். ஒருத்தன் விற்றால் பக்கத்து வயல்காரனுக்குத் தூக்கம் போய்விடும். ஜெயவேலுவும் விற்றான். ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சை அது. வாங்கியவர் சிட்டிபாபு, மனை போட்டு விற்கிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. வயலில் வரிசையாகக் கல் நட்டு, முகப்பில் ஒரு வளைவு கட்டி, அதில் தன் பெயரையே போட்டு ‘சிட்டிபாபு நகர்’ என்று எழுதிவிட்டார். அந்தத் தொழிலில் வெட்கப்பட்டால் முடியுமா?

விற்ற பணம் பலருக்குக் கையில் தங்கவில்லை. ஜெயவேலுவின் பங்காளி தனக்கோடிக்குச் சுத்தமாகத் தங்கவில்லை. கடைசியில் சிட்டிபாபுவே அவனுக்கு இரக்கப்பட்டு வாட்ச்மேன் வேலை கொடுத்தார். தன் வயலாக இருந்த இடத்திலேயே ஓர் ஓலைக் கொட்டகை, கையில் ஒரு டார்ச், கழுத்தில் ஒரு விசில். மாடு மேய வந்தால் ஊதி விரட்ட வேண்டும். அவன் விரட்டிய மாடுகளில் ஒன்று அவனே விற்ற மாடு. அது விசிலுக்கு நகராமல் அவனை நக்க வரும்.

இதைப் பார்த்த ஜெயவேலு நேராக வீட்டுக்குத் திரும்பினான்.

“பட்டு, இன்னா ஆனாலும் சரி, அந்தக் கொட்டாயில மட்டும் நான் போய் குந்த மாட்டேன்” என்று அன்றைக்கே மனைவியிடம் சொன்னான்.

“அப்போ இன்னா பண்ணப் போறே, அதைச் சொல்லு” என்றாள் பட்டு.

அதற்குப் பதிலாக வந்ததுதான் ஜீப். பட்டாளத்தில் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட வண்டி. டிராக்டர் ஓட்டிய கைக்கு ஜீப் என்ன பெரிய காரியம் என்று எடுத்துவிட்டான். மீதிப் பணத்தில் பெரும்பகுதி அதில் போயிற்று. அது ஓடினால் அவன் முதலாளி. ஓடாவிட்டால் கொட்டகை. இடையில் வேறு வழி எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

வேலையும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமையானால் மனை பார்க்க வருகிற குரோம்பேட்டை, பல்லாவரத்து ஆட்களைத் தாம்பரம் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு சிட்டிபாபு நகரைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவிட வேண்டும். வெயில் காலம் முழுக்க ஜாம் ஜாம் என்று போயிற்று. முதல் மழை பெய்த ஞாயிறு, வளைவுக்குள் நுழைந்த ஜீப் களிமண்ணில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பின் சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைத்ததே தவிர ஓர் அடி நகரவில்லை. வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போய்விட்டார்கள். மனையை ஒருவரும் பார்க்கவில்லை.

ஜெயவேலு ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு மெக்கானிக் குப்புராஜிடம் ஓடினான். மேற்குத் தாம்பரத்தில் ஷெட் வைத்திருப்பவன், சின்ன வயது முதல் சிநேகம்.

“மச்சான், கியர் கம்பி பக்கத்துல ரெண்டு குட்டிக் கம்பி கீதே, அதுல இடதுபக்கத்ததைப் புடிச்சு இஸ்த்தியா?” என்று கேட்டான் குப்புராஜ்.

“அது எதுக்குன்னே தெரியாதுபா. தொடவே இல்ல.”

“கஸ்மாலம்! அதான்டா நாலு வீலு! இஸ்த்தா முன் சக்கரமும் சேர்ந்து இஸ்க்கும். போ, போய் இஸ்த்துப் பாரு.”

இழுத்தான். நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்க, ஜீப் எருமை எழுந்திருப்பதுபோல் உடம்பைக் குலுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஜெயவேலு ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு ஓவென்று கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர். இனி மழையானால் என்ன, சேறானால் என்ன? பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தான். குப்புராஜ் கம்பியை மாட்டச் சொன்னானே தவிர, எப்போது கழற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அவனுக்கே அது தெரியுமா என்பதும் சந்தேகம்தான்.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. ஜீப்பைக் கழுவி, பட்டை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பட்டு ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து, நம்மைக் காப்பாற்றிய கம்பி என்று சொல்லி, அந்த இரண்டு குட்டிக் கம்பிகளையும் இருந்த நிலையிலேயே சேர்த்துக் காப்புக் கட்டினாள். கற்பூரம் காட்டி வண்டியை எடுத்தபோது நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. ஜெயவேலுவுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. நான்கு சக்கரத்துக்கும் பூஜை போட்டுவிட்டு இரண்டை மட்டும் வேலை வாங்குவது தெய்வ குற்றம் என்று அவன் மனதில் பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கயிற்றுக்குக் குங்குமம் வைத்தான். ஜீப்பின் முதுகில் பெயர் எழுதியதும் அப்போதுதான்.

அதற்குப் பிறகு சேற்றிலும் நாலு வீல், தார் ரோட்டிலும் நாலு வீல். ஜி.எஸ்.டி. ரோட்டில் காய்கிற வெயிலில், சின்னப் பள்ளம்கூட இல்லாத இடத்தில், நாலு வீல். டீக்கடையில் யார் கிடைத்தாலும் விடமாட்டான்.

“மத்தவன் வண்டியெல்லாம் ரெண்டு கால்ல நொண்டிக்கினு போவுதுபா. நம்மளுது நாலு கால்ல நடக்குது” என்பான்.

நடந்தது, நடந்தது, அப்புறம் முனக ஆரம்பித்தது. திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாக இறுகும். இரண்டு கையாலும் தொங்கித் திருப்ப வேண்டும். திரும்பும்போது டயர் தரையில் தேய்ந்து அழும். வண்டிக்கு அடியில் எங்கோ ஒரு ஊளைச் சத்தம். டீசல் குடிக்கிற வேகத்தைக் கேட்கவே வேண்டாம். டயர் நான்கும் ஒரு வருஷத்துக்குள் வழுக்கையாகிவிட்டன. பட்டு தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். அந்தக் காசுக்கு இரண்டு புது டயர்தான் வந்தது. அதை முன்னால் மாட்டி, பின்னால் பழசையே ரப்பர் ஒட்டிப் போட்டான். அதோடு சனியன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தது. முன் சக்கரம் பெரிசு, பின் சக்கரம் சிறிசு. நேர் ரோட்டிலேயே வண்டி விக்கிற்று.

குப்புராஜ் இரண்டு தடவை வண்டியின் அடிப்பாகத்தைக் கழற்றிப் பழுது பார்த்தான். ஒரு தடவை முன் தண்டை இணைக்கிற கிராஸ் உடைந்திருந்தது, இன்னொரு தடவை ஆக்ஸில். “பட்டாளத்து வண்டி மச்சான், வயசாயிடுச்சு, அப்படித்தான் பேஜார் பண்ணும்” என்று கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டான். ஜெயவேலு கண்ணேறு என்று முடிவு கட்டினான். முன்னால் பூசணிக்காய் சுற்றி உடைத்தான். கீழே படிகாரம் கட்டினான். கண் வைத்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தான். கம்பியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் அவனுக்குச் சந்தேகம்.

சிட்டிபாபுவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஜெயவேலு, பார்ட்டியைக் கூட்டிக்கினு வர்ற வண்டி நடுரோட்டுல நின்னா எனக்கு அசிங்கம். இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா நான் வேன் எடுத்துடுவேன். உனக்கும் ஒண்ணும் கொறைச்சல் இல்ல. தனக்கோடிக்குக் கண்ணு சரியில்ல. அந்தக் கொட்டாய் உனக்குத்தான்.”

சிட்டிபாபு இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, நல்லது செய்கிற குரலில் சொன்னார். அதுதான் ஜெயவேலுவைக் கொன்றது. 

அந்த வாரமே பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் வந்தது வினை. நல்லவேளை, வண்டியில் ஆள் இல்லை. கேட் திறந்ததும் எல்லா வண்டியும் முந்திக்கொண்டு நுழைய, இவன் ஜீப்பை ஒடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. பாதித் திருப்பத்தில் ஜீப் அப்படியே இறுகிவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி நடுங்குகிறதே தவிர நகரவில்லை. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

“யோவ், வண்டி ஓட்டுறியா இல்ல கோலம் போடுறியா? பின்னால போய்யா!” என்று இறங்கி வந்து கத்தினான்.

வேறு வழியில்லாமல் ரிவர்ஸ் போட்டு ஒரு வண்டி நீளம் பின்னால் வந்தான். அடியில் டக் என்று ஒரு சத்தம். உடனே ஸ்டியரிங் பூப்போல இலகுவாகிவிட்டது. கயிறு கட்டிய கம்பிகூடக் கொஞ்சம் தளர்ந்து ஆடிற்று. ஜெயவேலுவுக்குப் பயமாகப் போயிற்று. உடைந்தால் வண்டி நிற்க வேண்டும். இது என்ன, பின்னால் போனதும் சரியாகிறது?

அந்த யோசனையோடு நேராகச் சிட்டிபாபு நகருக்கு ஓட்டினான். மழை விட்டு ஈரம் இருந்த மண்ணில் வண்டியை ஒரு முழு வட்டம் சுற்றி நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தான். மண்ணில் தடம் அச்சுப் போட்டதுபோல் இருந்தது. முன் சக்கரம் இரண்டும் பெரிய வட்டமாகவும் பின் சக்கரம் இரண்டும் அதற்கு உள்ளே சின்ன வட்டமாகவும் போயிருந்தன. திரும்புகிறபோது முன் சக்கரத்துக்கு அதிக தூரம், பின் சக்கரத்துக்குக் குறைந்த தூரம்!

இதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களத்தில் தாம்பு ஓட்டியவனுக்கு இது தெரியாதா? வைக்கோலை மிதிக்க மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றவிட்டால், உள் மாடு நின்ற இடத்திலேயே திரும்பும், வெளி மாடு எட்டி நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே எட்டு எடுத்து வைக்கச் சொன்னால் ஒன்றின் கழுத்து நெரிந்துவிடும். அந்தக் கம்பி முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே எட்டு வைக்கக் கட்டிப்போட்டிருக்கிறது. சேற்றில் சக்கரம் வழுக்கிக் கணக்கைச் சரி பண்ணிக்கொள்ளும். தார் ரோட்டில் எங்கே வழுக்கும்? முறுக்கெல்லாம் அடியில் ஏறி நிற்கிறது. பின்னால் போனால் முறுக்கு அவிழ்கிறது. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் எத்தனை பூசணிக்காய்!

விஷயம் புரிந்தது சரி. கயிற்றை எப்படி அறுப்பது? புருஷனைக் காக்க வேண்டும் என்று பெண்சாதி கட்டிய காப்பு. அறுத்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? வீட்டுக்குப் போய், காலைக் கழுவி, தண்ணீர் குடித்து, இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு மெதுவாக ஆரம்பித்தான்.

பட்டு முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“எந்தக் கவுறு?”

“அதான்… பூஜையில நீ கட்டுனியே.”

“அடப்பாவி மனுசா! அது ஒரு நாளைக்குக் கட்டுனதுயா! காஞ்ச மாலையோட மறுநாளே நீ கயட்டிப் போட்டிருப்பேன்னு நெனைச்சுக்கினு கீறேன் நான். அதை வெச்சுக்கினா இத்தினி நாளா ஓட்டிக்கினு கீறே? டயருக்குன்னு என் கம்மலைக் கயட்டிக் குடுத்தேனே, அப்போ வாயில இன்னா கொயுக்கட்டையா வெச்சிருந்தே?”

“உனக்கு மனசு கஸ்டமா இருக்கும்னு…”

“எனக்கு மனசு கஸ்டமா கீறது காதுலதான்யா. தொட்டுப் பாரு, ஓட்டைதான் கீது!”

அவளே எழுந்து போய், வாசலில் நின்ற ஜீப்பில் ஏறி, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துத் துளசிச் செடியடியில் போட்டாள். ஜெயவேலுவுக்கு மூக்கறுபட்ட மாதிரியும் இருந்தது, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரியும் இருந்தது.

அடுத்த சில நாட்கள் ஆளில்லாத மனைகளுக்குள் வண்டியை விட்டு விட்டுப் பழகினான். எதையும் அவசரப்பட்டுப் போடக் கூடாது என்று கண்டுகொண்டான். தார் முடிகிற இடத்தில் நிறுத்தி, முன் சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு நாலு வீல் கம்பியைப் போட வேண்டும். ரொம்பச் சேறாக இருந்தால் பக்கத்துக் கம்பியையும் இழுத்து, வேகத்தைக் குறைத்து இழுப்பைக் கூட்டுகிற லோவில் வைக்க வேண்டும். அதையும் நின்றால்தான் போடலாம். ஓடும்போது இழுத்தால் கியர்ப் பல்லெல்லாம் உதிரும். சேற்றுக்குள் போனபின் உறுமக் கூடாது, கியரை மாற்றக் கூடாது, கிளட்ச்சைத் தொடக் கூடாது. நடைபோல் போக வேண்டும். தார் வந்ததும் மறக்காமல் கழற்ற வேண்டும். கம்பி வர அடம்பிடித்தால் அதோடு மல்லுக்கட்டாமல் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், தானே வந்துவிடும். குப்புராஜிடம் கெஞ்சி நான்கு டயரும் ஒரே அளவில் மாட்டிக்கொண்டான்.

ஞாயிறு வந்தது. விடிந்ததிலிருந்து மழை. சிட்டிபாபு தாமே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இன்றைக்கு வண்டி நின்றால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பின்னால் கஸ்தூரிரங்கன், அவர் மனைவி வேதா. அவர் மத்திய அரசு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற இருந்தவர், அந்த அம்மாள் குரோம்பேட்டையில் டீச்சர். கல்யாணமான நாள் முதல் வாடகை வீடு. ஆபீஸில் கிடைக்கப்போகிற பணத்தில் ஒரு மனை வாங்க வந்திருந்தார்கள்.

தார் முடிகிற இடத்தில் ஜெயவேலு நிறுத்தினான். இரண்டு கம்பியையும் ஒவ்வொன்றாகப் போட்டான். முதல் கியரில் சேற்றுக்குள் விட்டான். முன்னால் போயிருந்த யாருடைய அம்பாசடரோ அச்சு வரைக்கும் புதைந்து, நான்கு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஜீப் அதைத் தாண்டி, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், தேர் அசைகிற மாதிரி போய் மனைக் கல்லருகில் நின்றது. ஒரு துளிச் சேறுகூட உள்ளே தெறிக்கவில்லை.

“பிரமாதம்! நான் என்னமோ ரொம்ப மோசமா இருக்கும்னு நினைச்சேன். பரவாயில்லையே வேதா, மழையிலகூட அப்ரோச் நன்னாத்தான் இருக்கு” என்றார் கஸ்தூரிரங்கன்.

வேதாவுக்கு அவ்வளவு சீக்கிரம் திருப்தி வரவில்லை. “இந்த ஊர்க்காரர் இவர்தானே? இவரையே கேளுங்கோளேன்” என்றாள்.

கஸ்தூரிரங்கன் முன்னால் குனிந்தார். “ஏம்பா, இது உன் நிலமா இருந்ததாமே? நீ சொல்லு. இங்க தண்ணி நிக்குமா?”

ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் முழுக்க அந்த மனை வழியாகத்தான் இறங்கும். ஐப்பசி பிறந்தால் முழங்காலுக்குக் குறையாது. அந்தக் கல் நட்டிருக்கிற இடத்தில் ஜெயவேலு கூடை வைத்துக் கெண்டை பிடித்திருக்கிறான். சிட்டிபாபு அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே, தனக்கோடி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்த கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிக்காது சார்” என்றான் ஜெயவேலு.

சிட்டிபாபு வேன் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஜெயவேலுவின் ஜீப் ரோட்டில் நின்றதாகவும் யாரும் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் நகரில் வீடுகள் முளைத்தன. மனையெல்லாம் தீர்ந்ததும் சிட்டிபாபு கூடுவாஞ்சேரிப் பக்கம் அடுத்த நகர் போடப் போய்விட்டார். வாட்ச்மேன் கொட்டகையையும் பிரித்தாகிவிட்டது. ஜெயவேலு அதில் ஒரு நாள்கூட உட்காரவில்லை. பட்டுவின் காதில் புதுக் கம்மல் ஏறியது. வெயில் காலத்தில் செங்கல், சிமென்ட் சவாரி. மழைக் காலத்தில்தான் உண்மையான வருமானம். தெருவில் தண்ணீர் ஏறிவிட்டால் ஆட்டோ வராது, ஸ்கூட்டர் போகாது. ஆபீஸ் போகிறவர்கள், டீச்சர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் நாலு வீல் ஜெயவேலுதான்.

ஒரு கார்த்திகை மாசம், ஏரி நிரம்பிய மறுநாள் காலையில், கஸ்தூரிரங்கன் வீட்டு வாசலில் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினான். தண்ணீர் கேட்டைத் தாண்டி வாசற்படியில் ஏறியிருந்தது. உள்ளே கட்டிலின் மேல் அரிசி டின்னும் தலையணையும் அடுக்கியிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கஸ்தூரிரங்கன் மனைவியைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். அவள் பரீட்சைப் பேப்பர்க் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

வண்டி இன்னும் தெருமுனையைக்கூட எட்டவில்லை.

“இவர்தானே அன்னிக்கு நிக்காதுன்னு சொன்னார்?” என்று கேட்டாள் வேதா. சத்தமாகத்தான் கேட்டாள்.

“சும்மா இரு வேதா. அவர் விவசாயம் பண்ணின காலத்துல நின்னிருக்காது. இவனுகள் வாய்க்காலை மூடி வீடு கட்டினா தண்ணி எங்க போகும்? அவர் பொய் சொல்லி என்ன ஆகப்போறது? விடிகாலையில கூப்பிட்ட குரலுக்கு வந்து நிக்கறார். இவர் இல்லேன்னா நாம என்ன பண்ணுவோம், சொல்லு.”

ஜெயவேலுவுக்கு முதுகு எரிந்தது. வண்டியை அங்கேயே நிறுத்தி இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. நடுத் தண்ணீரில் கிளட்ச்சைத் தொடக் கூடாது. அவன் தொடவில்லை. ஒரே சீராக ஓட்டிக்கொண்டு போனான்.

ஸ்டேஷனில் இறங்கியபோது கஸ்தூரிரங்கன் ஜன்னலோரம் வந்து நின்றார்.

“ரேடியோவில நாளைக்கும் மழைன்னான். ஆறு மணிக்கே வந்துடுவியா ஜெயவேலு?”

“வந்துடறேன் சார்” என்றான்.